வீரைக்காட்டுக்குப் போன தண்ணீர்

முதிரையடிச் சந்தியில் இரஞ்சிதம் ரீச்சரைத் தெரியாதவர்கள் இல்லை. ஊரில் மீசை வைத்துத் திரிகிற இளந்தாரிகளில் பாதிப்பேர் அவரிடம்தான் முதன்முதல் சோக்கட்டி பிடிக்கப் பழகினார்கள். முன்பள்ளியில் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிஸ்கற் போய் இன்னொரு பிள்ளைக்கு ஒன்று போனால் அவருக்குப் பொறுக்காது. அந்தக் குணம் வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் ஓயவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் நிறுவை கொஞ்சம் சரிந்தாலும், "திரும்ப ஒருக்கா நிறுங்கோ" என்பார். அந்த நேரங்களில் அவருடைய கணவர் சிற்றம்பலம் மெல்ல வெளியே போய்ச் சைக்கிள் சில்லுக்குக் காற்று இருக்கிறதா என்று அமத்திப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிரதேச சபையின் வேலைகளை ஊர்ச்சனமே கவனிக்க வேண்டும் என்று மக்கள் கண்காணிப்புக் குழு ஒன்று தொடங்கியபோது, அதற்குத் தலைவராக வந்த சிவராசா நேரே அவர் வீட்டுக்குத்தான் வந்தார். சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் சிவராசா.

"ரீச்சர், நீங்கள் இல்லாட்டி இது சரிவராது. எனக்குக் கதைக்கத் தெரியும், உங்களைப்போலக் கேள்வி கேக்கத் தெரியாது."

இரஞ்சிதத்துக்கு உள்ளூரச் சந்தோசம். குழு தொடங்கின கையோடு நல்ல காரியங்களும் நடந்தன. சந்தைக்குப் பின்னால் நாறிக் கிடந்த வாய்க்காலைத் துப்புரவாக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரி ஒழுங்கையில் எரியாமல் கிடந்த விளக்குகள் எரிந்தன. கல்லும் தாரும் சரியாகப் போடாமல் மூடப் பார்த்த ஒரு வீதியைத் திரும்பக் கிண்ட வைத்தார்கள். ரீச்சரின் பச்சைக் குடை தூரத்தில் தெரிந்தாலே சபை ஊழியர்கள் குனிந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைப் பிற்பாடு நினைத்துப் பார்க்கிறபோதுதான் அவருக்குக் கூசியது.

அந்த வருசம் சோளகக் காற்று வழமையிலும் முந்தியே வீசத் தொடங்கியது. குளம் அடிதெரிய வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்தது. முதிரையடியில் கோடை வந்தால் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துப்போகும். உடுப்புத் தோய்க்கலாம், வாயில் வைக்க ஏலாது. சபை பவுசர் வண்டியில் குடிதண்ணீர் கொண்டுவந்து சந்தியில் இருக்கிற பெரிய கறுப்புத் தாங்கியை நிரப்பும். சனம் பிளாஸ்ரிக் கான்களோடு வந்து பிடித்துக்கொண்டு போகும். அந்தக் கோடையில் தாங்கி நிரம்பவில்லை. வரிசையில் கடைசியாக நிற்கிறவர்கள் பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

பவுசர் ஓட்டியவர் கனகலிங்கம். நாற்பது வயது மட்டில் இருக்கும், வாய் திறந்து அதிகம் கதைக்காத மனுசன். சபையில் நிரந்தரம் இல்லாத அமைய ஊழியர். அவருடைய மகள் தேனுகா, ரீச்சரிடம் படித்த பிள்ளை. இரஞ்சிதம் சில நாட்கள் சந்தியில் நின்று கவனித்தார். பவுசர் முதிரையடிக்கு நேரே வரவில்லை. வைரவர் கோயிலடியில் திரும்பிக் காட்டுப்பாதையால் உள்ளே போய், நல்ல நேரம் சென்றுதான் வெளியே வந்தது. போகும்போது அமர்ந்து போன வண்டி, வரும்போது லேசாகக் குலுங்கிக்கொண்டு வந்தது.

அந்தப் பாதையில் அச்சில் சீமெந்துக்கல் அரிகிற இடம் ஒன்று இருந்தது. கனகலிங்கம் அங்கே தண்ணீர் விற்கிறார் என்று தேத்தண்ணிக் கடையில் ஒரு கதை. முதலில் சொன்னது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. சிவராசாவும் சொன்னார். பிறகு எல்லாருமே சொன்னார்கள். இரஞ்சிதம் பவுசர் காட்டுப்பாதையில் இறங்குவதைத் தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். பாதையால் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. முழங்கால் நோ, வெயில், யானை நிற்கிற காடு என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். உண்மையில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. விசயம் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

தண்ணீர் விசயத்தில் அவருக்கு ஒரு பழைய காயமும் இருந்தது. கடைசிச் சண்டை முடிந்து செட்டிகுளம் முகாமில் அடைபட்டிருந்த நேரம், காய்ச்சலோடு கிடந்த தாய்க்காக வாளியோடு வரிசையில் நிற்பார். தாங்கிக்குப் பொறுப்பானவர்களைத் தெரிந்தவர்கள் பின்பக்கத்தால் வந்து நிறைத்துக்கொண்டு போவார்கள். இவருடைய முறை வரும்போது அடிமண்டி வரும். அன்றிலிருந்து தண்ணீரில் களவு செய்கிறவனை மனுசனாகவே அவர் கணக்கில் எடுத்ததில்லை.

சபையார் மாதத்துக்கு ஒருமுறை சனத்தைச் சந்திக்கிற கூட்டம் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. இரஞ்சிதம் எழும்பினார். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய தெளிவான குரல்.

"இந்த ஊர்ப் பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை. எங்களுக்கு வரவேண்டிய தண்ணியைப் பவுசர் ரைவர் காட்டுக்குள்ள கொண்டுபோய் விக்கிறார். படம் இருக்கு. சபைக்கு இது தெரியுமோ, இல்லாட்டித் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கிறியளோ?"

சனம் கை தட்டியது. சபைத் தவிசாளர் கனகலிங்கத்தைக் கூப்பிட்டார். அவர் வாசலடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"தண்ணி குறைஞ்சது உண்மையோ?"

"ஓம்."

"வித்தனியோ?"

"இல்லை."

"அப்ப எங்க போனது?"

கனகலிங்கம் நிலத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து இரஞ்சிதத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்றும் சொல்ல முடியாது. ஏதோ சொல்ல வருகிறார் என்று இரஞ்சிதம் எதிர்பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"வாய் திறக்கிறார் இல்லை, பாத்தியளோ," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். இரஞ்சிதத்துக்கும் அதுவே போதுமாக இருந்தது.

அந்தக் கிழமைக்குள்ளேயே கனகலிங்கத்தை வேலையால் நிற்பாட்டினார்கள். புது ஆள் வந்தார். பவுசர் நேரே சந்திக்கு வந்தது. தாங்கி வாய்மட்டம் நிரம்பி வழிந்து, அடியில் வழிந்த தண்ணீரில் காகங்கள் குளித்தன. வீதியில் போனால் சனம் ரீச்சரை நிற்பாட்டிக் கதைத்தது. சிவராசா குழுவின் அடுத்த கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கை தட்டச் சொன்னார்.

கொஞ்ச நாள் போயிருக்கும். ஒரு பின்னேரம் இரஞ்சிதம் தாங்கியடியில் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் முக்காடு போட்ட ஒரு இளம் பெண், சைக்கிள் கரியரில் இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அவளைத் தெரியவில்லை. "இது எங்கட ஊருக்கு வாற தண்ணி," என்று ஒருத்தி உரக்கச் சொன்னாள்.

இரஞ்சிதம் கிட்டப் போனார். "நீங்கள் எந்த ஊர், பிள்ளை?"

"வீரைக்காடு, ரீச்சர்." ரீச்சர் என்று பக்கத்தில் நின்றவர்கள் கூப்பிட்டதைக் கேட்டிருக்க வேண்டும்.

"அங்க ஆக்கள் இருக்கினமோ?"

"ஓம். நாங்க ஒரு ஏழெட்டுக் குடும்பம்."

"இதில பதிஞ்ச ஆக்களுக்குத்தான் குடுக்கிறது, பிள்ளை. சரி, வந்திட்டியள். ஒரு கான் பிடிச்சுக்கொண்டு போங்கோ."

ஒரு கானுக்கே அந்தப் பெண் இரண்டு தரம் நன்றி சொன்னாள். கட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது திரும்பிக் கேட்டாள்:

"ரீச்சர், கனகலிங்கம் அண்ணையைத் தெரியுமோ? பவுசர் ஓட்டுறவர். முந்தி அவர்தான் எங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து தாறவர். இப்ப வாறேல்லை. சுகமில்லையோ தெரியாது. கண்டால் சரீபா விசாரிச்சதெண்டு சொல்லிவிடுங்கோ."

பக்கத்தில் ஒரு கான் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பைப்பைப் பூட்டச் சொல்லி யாரோ கத்துவது இரஞ்சிதத்துக்குக் கேட்கவில்லை.

அன்று வீட்டில் அவர் சோறு போட்டுக்கொண்டு சாப்பிடாமல் எழும்பினார். சிற்றம்பலம் என்னவென்று கேட்டார், இரஞ்சிதம் சொன்னார். அடுத்த நாள் காலை வெயில் ஏற முன்னரே சிற்றம்பலம் மோட்டார் சைக்கிளை எடுத்தார். வைரவர் கோயிலடியில் திரும்பினார்கள். கல் அரிகிற இடம் வந்தது. அச்சுகள் துருப்பிடித்துக் கிடந்தன. முற்றம் முழுக்க நாயுருவி முளைத்திருந்தது. அங்கே மனுசர் கால் வைத்து ஒரு வருசமாவது இருக்கும். இரஞ்சிதம் கணவரின் தோளைப் பிடித்திருந்த கையை இறுக்கினார். அவர் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார்.

வீரை மரங்களுக்கு நடுவில் தகரமும் தறப்பாளுமாக ஏழெட்டுக் கொட்டில்கள். வாசலில் நீல நிறத் தண்ணீர்ப் பரல்கள் வெறுமையாக நின்றன. முந்திக் கனகலிங்கம் நிறைத்துவிடுகிற பரல்கள். சரீபா ஓடிவந்து கதிரை போட்டாள். அவளுடைய வாப்பா முல்லைத்தீவில் பிறந்து வளர்ந்தவர். முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு ஒரு பையோடு புத்தளத்துக்குப் போனவர். சரீபா பிறந்தது அங்கே, அகதி முகாமில். வாப்பா சாகுமட்டும் ஊர், ஊர் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். சண்டை முடிந்து, கலியாணம் கட்டி, அவளும் புருசன் சிறாஜும் திரும்பி வந்தபோது இருந்த காணியில் வேறு ஆட்கள். காணிக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் இந்த இடம். காடு என்று சொல்கிறார்கள், பழைய தோட்டம் என்றும் சொல்கிறார்கள்.

"தண்ணியில்லை எண்டு நீங்கள் சபையில சொல்லேல்லையோ?" என்று இரஞ்சிதம் கேட்டார். 

"சொன்னால் இதில இருக்கிறது தெரிஞ்சிடும் ரீச்சர். எழுப்பிப்போடுவினம். கனகலிங்கம் அண்ணைதான் சொன்னவர், ஒருதருட்டையும் வாய் திறக்காதையுங்கோ, காணிப் பேர்மிட் வருமட்டும் நான் பாக்கிறன் எண்டு. ஒரு சதம் வாங்கினதில்லை. ஒருக்கா என்ர மாமி பனங்கட்டி குடுத்துவிட்டவா, அதையும் பிள்ளையளுக்குத்தான் பிரிச்சுக் குடுத்தவர்."

பவுசர் நின்ற பிறகு குளத்தின் அடியில் பூவல் தோண்டி, ஊறுகிற கலங்கல் தண்ணீரை வடித்துக் குடித்திருக்கிறார்கள். வயிற்றோட்டம் வந்தது. சரீபாவின் மகளும் இன்னொரு பிள்ளையும் ஆஸ்பத்திரியில் கிடந்து இரண்டு நாளைக்கு முன்னர்தான் வந்திருந்தார்கள். அந்தச் சின்னப்பிள்ளை பாயில் சுருண்டு படுத்தபடி, வந்தவர்களை எழும்பாமல் பார்த்தது. கையில் ஊசி குத்திய இடம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

சரீபா பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தாள். எந்தத் தண்ணீர் என்று தெரிந்தும் இரஞ்சிதம் கடைசி வரை குடித்தார். நான்தான் சொன்னேன் என்ற சொல் நெஞ்சுக்குள் நின்றது. வாய்க்கு வரவில்லை.

திரும்பி வரும் வழியில் சிற்றம்பலம் வண்டியைக் கோயிலடியில் நிறுத்தினார். "கூட்டத்தில சொன்னது நீர்தான் எண்டு அவைக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

அவர் திரும்ப வண்டியை உதைத்தார். கேட்டுத் திட்டியிருந்தால் நல்லாயிருக்கும் என்று இரஞ்சிதத்துக்குப் பட்டது.

அங்கிருந்து நேரே கனகலிங்கத்தின் வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் மற்றொருவருடைய உழவு இயந்திரத்துக்கு முற்றத்தில் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். ரீச்சரைக் கண்டதும் எழும்பி, பழந்துணியில் கையைத் துடைத்தார்.

"இருங்கோ ரீச்சர்."

"இருக்க வரேல்லை, தம்பி. வீரைக்காட்டுக்குப் போட்டு வாறன்."

கனகலிங்கத்தின் முகம் மாறியது. "ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"சொல்லாதையுங்கோ." அவர் மூச்சு விட்டார். "என்ர வேலை போனது போகட்டும். அந்தச் சனத்தை எழுப்பினால் போறதுக்கு இடமில்லை."

"கூட்டத்தில ஏன் ஒரு சொல்லும் சொல்லாமல் நிண்டனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல, அவ்வளவு சனத்துக்கு முன்னால?" துணியை மடித்தார், விரித்தார். "நீங்கள் கேட்டது பிழை எண்டு நான் சொல்லமாட்டன் ரீச்சர். முதிரையடித் தண்ணியில நான் எடுத்தது உண்மைதான். கடைசியில நிண்ட ஆக்களுக்குக் கிடைக்கேல்லை, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா ஒவ்வொரு நாளும் சந்தியில என்னைக் கண்டனீங்கள். என்ர பிள்ளை உங்களிட்டப் படிச்ச பிள்ளை. கூட்டத்துக்கு முதல் என்னட்ட ஒருக்கா வந்து, கனகலிங்கம், எங்க போறாய் எண்டு கேட்டிருக்கலாம்."

இரஞ்சிதம் அழவில்லை. அழுவதற்கும் தனக்கு இடமில்லை என்று நின்றார். உள்ளேயிருந்து கனகலிங்கத்தின் மனைவி வாசலுக்கு வந்து, ரீச்சரைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போனாள்.

சபையின் அடுத்த கூட்டம் வருமட்டும் அவருக்கு நித்திரை சரியாக வரவில்லை. உண்மையைச் சொன்னால் கனகலிங்கத்தின் பேர் துலங்கும், வீரைக்காட்டுச் சனத்தை எழுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அந்த மனுசன் கள்ளனாகவே இருப்பார். இதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. மற்றவர்களிடம் பதில் கேட்டே பழகிய வாய்.

கூட்டத்தில் எழும்பினார். போனமுறை கை தட்டிய சனம் ஆவலாகத் திரும்பிப் பார்த்தது.

"போன கூட்டத்தில நான் கனகலிங்கம் தண்ணி விக்கிறார் எண்டு சொன்னனான். அவர் விக்கிறதை நான் கண்ணால காணேல்லை. ஆரோ கதைச்சதைக் கேட்டு, பாக்காமல் சொன்னனான். அது பிழை. எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன். அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேணும்."

மண்டபம் சலசலத்தது. தவிசாளர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி ரீச்சர், விக்கேல்லை எண்டால் தண்ணி எங்க போனது?"

"எனக்குத் தெரியாது," என்றார் இரஞ்சிதம்.

பொய். ஊரறியச் சொன்ன முதல் பொய். கனகலிங்கத்துக்கு அவர் கொடுக்கக்கூடியதாக இருந்தது அவ்வளவுதான், அதுவும் பாதிதான் பயன்பட்டது. தண்ணீர் குறைந்ததைக் கனகலிங்கமே ஒத்துக்கொண்டவர், புது ஆளையும் எடுத்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று சபை சொல்லிவிட்டது.

வெளியே சிவராசா அவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன ரீச்சர் இது? எங்கட குழுவை முழுக்க நாறடிச்சுப்போட்டியள். ஆரும் வெருட்டினவையோ, இல்லாட்டி ஏதும் தந்தவையோ?"

"ஒருதரும் ஒண்டும் தரேல்லை, அண்ணை."

"அப்ப என்னத்துக்கு?"

அதற்கும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பது எப்படியிருக்கும் என்பது அப்போது அவருக்கு விளங்கியது. அன்றோடு குழுவிலிருந்து விலகினார். விலகச் சொல்லியிருப்பார்கள், அதற்கு முதல் தானே விலகினார்.

பிறகு அவர் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். சிற்றம்பலத்தின் வயலுக்கு அங்கால், தெரிந்தவர் ஒருவரின் தோட்டக் கிணறு உவர்க்காமல் இருந்தது. சிற்றம்பலம் தன் இரண்டு சில்லு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பரல்களை ஏற்றினார். விடிய வெள்ளாப்பில் நிறைத்துக்கொண்டு இருவரும் வீரைக்காட்டுக்குப் போவார்கள். இரஞ்சிதம் முழங்கால் நோவோடு பெட்டியில் குந்தி, தளம்புகிற பரல்களைப் பிடித்துக்கொண்டிருப்பார். பவுசர் கொண்டுவந்ததில் கால்வாசியும் வராது. குடும்பங்களுக்குக் குடிக்கக் காணும், குளிக்கவும் கழுவவும் பூவல் தண்ணீர்தான். பரல்களைக் கொண்டு போகும்போது சனம் முகம் மலர்ந்து வரவேற்றது. அந்த முகங்களைப் பார்க்க அவருக்கு ஏலாமல் இருந்தது.

ஒருநாள் காலை சரீபா தனியே நின்று குடத்தில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தபோது இரஞ்சிதம் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, கனகலிங்கத்தின்ர வேலை போனது என்னால. கூட்டத்தில சொன்னது நான்தான்."

சரீபா தொடர்ந்து வார்த்தாள். குடம் நிரம்பியது. மூடியை எடுத்து மூடினாள்.

"வேலை போட்டுதோ அவருக்கு?" என்றாள். அவளுக்கு அது தெரியாது. சுகமில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். "அல்லாவே. எங்களாலதானே அது."

"இல்லைப் பிள்ளை, என்னால."

"நாங்க இதில வந்து இருந்தபடியாத்தானே அவர் வந்தவர்." அவள் குடத்தை இடுப்பில் தூக்கினாள். "நீங்க உங்கட ஊருக்குத் தண்ணி கேட்டனீங்க. அதில என்ன பிழை."

அவள் வெறுப்பாகச் சொல்லவில்லை, ஆறுதலுக்கும் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொல்கிறவள்போலச் சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போனாள். இரஞ்சிதம் வெறும் பரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஏசியிருந்தால் அதைக் கொண்டுபோய் வீட்டில் வைத்து அழுதிருக்கலாம். இது அப்படி அழுது தீர்க்கிறதாக இல்லை.

மழைக்குக் கொஞ்சம் முன்னர் சரீபாவின் பிள்ளைக்குத் திரும்பவும் வயிற்றோட்டம் வந்தது. சிறாஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இனி ஏலாது என்றான். ஒரு வாடகை வாகனத்தில் தகரங்களையும் பரலையும் பாத்திரங்களையும் ஏற்றினார்கள். சிறாஜின் தமையன் புத்தளத்தில் கடை வைத்திருக்கிறார், அங்கே போகிறார்கள். இரஞ்சிதமும் சிற்றம்பலமும் சாமான் ஏற்ற உதவினார்கள். சரீபா ஏறும்போது தொலைபேசி இலக்கத்தைச் சொல்லி, "கனகலிங்கம் அண்ணைக்கும் குடுங்கோ," என்றாள். அவர்கள் போன கையோடு வேறு நான்கு குடும்பமும் கிளம்பின. மிஞ்சினது வயதான இரண்டு சோடிகள். போவதற்கு ஆளில்லாதவர்கள்.

ஐப்பசி மழை கொட்டியது. கிணறுகள் இனித்தன. தாங்கியடியில் வரிசை இல்லாமல் போனது. சிவராசாவுக்கும் கோபம் ஆறி, ஒருநாள் வாசலில் வந்து நின்றார். வருகிற கோடைக்குத் தண்ணீர் ஒழுங்குகளைப் பார்க்க ஆள் வேண்டும், ரீச்சர் திரும்ப வரவேண்டும் என்றார். "அந்த ஒரு பிசகை விடுங்கோ. இந்தக் கோடையில சனத்துக்கு ஒழுங்காத் தண்ணி கிடைச்சது உங்களாலதான். ஒருதரும் அதை மறக்கேல்லை."

"யோசிச்சுச் சொல்லுறன், அண்ணை," என்றார் இரஞ்சிதம். இன்னும் சொல்லவில்லை. சந்தைக்குப் பின்னால் வாய்க்கால் திரும்ப அடைத்துக் கிடக்கிறது. அதைக் கடந்து போகும்போது கேட்க வேண்டும் என்று வாய் உன்னுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. கேட்காமல் போவதும் சரியென்று அவருக்குப் படவில்லை.

பெரும்போகத்துக்குச் சிற்றம்பலத்தின் வயலை உழப் பெரிய உழவு இயந்திரம் பிடித்திருந்தார்கள். ஓட்டி வந்தவர் கனகலிங்கம். யாருடைய வயல் என்று தெரிந்தேதான் வந்திருக்க வேண்டும். பத்து மணிபோல இரஞ்சிதம் தேத்தண்ணீரும் ரொட்டியும் கொண்டுபோய் வரம்பில் வைத்தார். கனகலிங்கம் இயந்திரத்தை நிற்பாட்டி இறங்கி, வாய்க்காலில் கையைக் கழுவி வந்து குந்தினார். உழுத சேற்றில் கொக்குகள் நடந்து திரிந்தன.

"சரீபா ஆக்கள் கதைச்சவையோ?" என்று அவர் கேட்டார்.

"போன கிழமை எடுத்தவா. மகளைப் பள்ளிக்கூடத்தில சேத்தாச்சாம்."

"பேர்மிட்?"

"ஒரு பதிலும் வரேல்லையாம். இனி வந்தாலும் என்ன செய்யிறதெண்டு யோசிக்கினமாம்."

கனகலிங்கம் ரொட்டியைக் கிள்ளி வாயில் போட்டார். "ம்," என்றார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கால் சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டு போய் ஏறினார். இயந்திரம் இரைந்துகொண்டு அடுத்த வரம்பை நோக்கிப் போனது. இரஞ்சிதம் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.